கடைசி ஓர் அங்குலத்தின் அமைச்சர்

வேம்புலியம்மாளின் கட்டைவிரலைத் தெருப்பக்கத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள் லத்தீஃபா. நகைக்கடையில் கல்லைச் சோதிப்பவர்கூட இவ்வளவு சந்தேகப்பட மாட்டார்.

"இன்னாக்கா, நேத்து மண்டபத்துல கல்யாணமா?"

"ஆமா கண்ணு. பிரியாணி அண்டா மொத்தமும் நாந்தான் தேச்சேன்."

"தெரியுது. ரேகையயும் சேத்துக் கயுவி வுட்டுகீறே."

பிறகு சிகிச்சை. விரலை வேம்புலியம்மாள் தன் எண்ணெய்த் தலையிலேயே தேய்த்துக்கொள்ள வேண்டும். துடைத்து, சூடான டீ கிளாஸில் கொஞ்ச நேரம் ஒட்டவைக்க வேண்டும். "சிரிச்சிகினே வையி. பயந்தா ரேகை உள்ள பூந்துக்கும்." ரேகை பார்க்கும் கைக்கடக்கமான எந்திரம் சிவந்து, யோசித்து, பச்சையாகிறது. விதவை உதவித்தொகை வந்துவிட்டது. அடுத்த விரல்.

நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அன்வர் பாஷா பைக் சீட்டுக்கு உறை தைக்கிறார். அந்தக் கடையின் பாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் அவர் மனைவி லத்தீஃபா. வங்கி நியமித்த முகவர். அரசாங்கம் ஒரு பொத்தானை அமுக்கினால் பணம் கண்ணிமைக்கும் நேரத்தில் நசரத்பேட்டைக்கு வந்துவிடுகிறது. வந்தபின், விரலுக்கும் எந்திரத்துக்கும் நடுவிலுள்ள கடைசி ஓர் அங்குலத்தில் வழி தெரியாமல் நிற்கிறது. அந்த ஓர் அங்குலத்துக்கு லத்தீஃபாதான் அமைச்சர். பதவிப் பிரமாணம் மட்டும்தான் பாக்கி.

சட்டங்களும் உண்டு. உதவித்தொகை வரும் வாரத்தில் வாழைப்பூ ஆயக்கூடாது. சோப்புத்தூளைக் கையால் அள்ளக்கூடாது. மீறியவர்களுக்கு வரிசையின் கடைசி இடம். ஆட்களை அவள் முகத்தை வைத்து அறிவதில்லை. கடைத்தெருவில் எதிரே வரும் செங்கல்வராயனிடம், "மோதர வெரலு எப்பிடிகீது?" என்றுதான் நலம் விசாரிப்பாள். அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளாமல், "இருக்குதும்மா, புண்ணியத்துல," என்பார். அந்த மோதிர விரல் ஒன்றுதான் அவருக்குப் படியும். மற்ற ஒன்பதின் ரேகையையும் அவர் சுமந்த செங்கல் தின்றுவிட்டது.

நாட்டில் அமைச்சர் இருந்தால் எதிர்க்கட்சி வேண்டும் அல்லவா? எதிர்ச்சாரியில் லோகேஷ் கடை திறந்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, குடிக்கக் குளிர்ந்த தண்ணீர். எந்திரம் இரண்டு தடவை மறுத்தால், "உங்க கை சரியில்ல, பேங்க்குக்குப் போங்க," என்று பணிவாகச் சொல்லிவிடுவான். லத்தீஃபா அதைக் கேட்டுச் சிரித்தாள். ஆனால் கணவரிடம் சொன்னது வேறு: "ஒரு நாளு நம்ம எடம் மூடிக் கெடந்தா போதுங்க. மொத்த சனமும் ஏசிக்குப் பயகிடும். அப்பால ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க."

அந்த ஒரு நாள் போன மாதம் வந்தது.

நாத்தனார் ரைஹானாவின் மகள் இஃபத்துக்கு நிக்காஹ். பெண்ணின் மாமி மருதாணி வைக்காமல் நின்றால் பந்தல் முழுக்கப் பேச்சாகும். ஆகவே பத்து விரல் நுனிக்கும் தொப்பி தொப்பியாக அப்பிக்கொண்டாள். கறுக்கச் சிவந்தது. எல்லாரும் மெச்சினார்கள். மறுநாள் உதவித்தொகை நாள். ஊர் விரல்களைத் திறப்பதற்கு முன் எந்திரம் தினமும் காலையில் முகவரின் விரலைத்தான் முதலில் கேட்கும். ஊர் விரலுக்கெல்லாம் சட்டம் போட்டவள், தன் விரலுக்கு மட்டும் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

எந்திரம் மறுத்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மற்ற கை. அத்தனைக்கும் ஒரே சிவப்பு விளக்கு. தலையில் தேய்த்தாள். டீ கிளாஸைப் பிடித்தாள். எலுமிச்சம்பழத்தில் குத்தினாள். வரிசை அசையாமல் வேடிக்கை பார்த்தது.

"சிரிச்சிகினே வையி கண்ணு," என்றாள் வேம்புலியம்மாள், மிகுந்த அக்கறையுடன்.

"தின்னர் போட்டுத் தேச்சா பூடுமே," என்றார் அன்வர் பாஷா.

"நீங்க சீட்டப் பாருங்க."

கடைசியில் எந்திரம், இன்று முழுக்க இனி முயல வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. ஆனந்தன் என்றொருவர் வரிசையிலிருந்து நழுவி லோகேஷ் கடைப் படியேறினார். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர். வேம்புலியம்மாள் மட்டும் நகரவில்லை.

"நீயும் போக்கா."

"போயி? அந்தப் புள்ள போன தபாவே என் கை சரியில்லன்னு தொரத்திட்டான். உன்னாண்டதான் எனுக்குப் படியுது. சிலிண்டர்காரன் மத்தியானம் வருவான். துட்டு இல்லன்னா தூக்கினு பூடுவான்."

லத்தீஃபா எதிர்க்கடையைப் பார்த்தாள். தன் வரிசையைப் பார்த்தாள். வேம்புலியம்மாளின் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு கைகளைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு, "கெளம்பு, எல்லாரும் வாங்க," என்று முன்னால் நடந்தாள். வரிசை கலையாமல் தெருவைக் கடந்தது. ஒரு தண்ணீர் லாரி நின்று வழிவிட்டது.

"வாங்கக்கா. உங்க மெஷின் இன்னா ஆச்சு?" என்று கேட்டான் லோகேஷ். குரலில் இனிப்பு.

"லீவு குடுத்துகீறேன்."

வேம்புலியம்மாள் விரலை வைத்தாள். மறுப்பு. மறுபடி வைத்தாள். மறுப்பு. லோகேஷ் பணிவாகத் தொண்டையைச் செருமினான்.

லத்தீஃபா துப்பட்டாவிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். கடையே அந்தப் பத்துச் சிவப்பையும் பார்த்தது. லோகேஷின் சுழல்நாற்காலியின் முதுகைப் பிடித்து, அவனையும் சேர்த்தே ஓரமாக உருட்டி விட்டாள். எந்திரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒரு டீ சொல்லு. சூடா."