அப்பா கொத்திய பாறை

போன பனிச்சறுக்குப் பந்தயத்தில் விழுந்து முழங்கால் தசைநார் கிழிந்து தேறிய என் மகள், ஒலிம்பிக் தேர்வுக்காக மறுபடி இமயமலைக்குக் கிளம்புகிறாள். அவள் விழுந்ததை வீடியோவில் பார்த்த பயம் எனக்கு இன்னும் போகவில்லை. இன்று கூடத்தில் உட்கார்ந்து பனிச்சறுக்குக் கட்டையில் பூசிய மெழுகைச் சுரண்டினாள். அந்தச் சத்தம் என்னை நான் வளர்ந்த பென்னாகரத்துப் பாறைக்கு இழுத்துப் போனது.

எழுபதுகளில் அந்தப் பாறைச் சரிவில் கற்றாழைச் சோற்றைத் தடவி, பனைமட்டையில் உட்கார்ந்து சறுக்குவோம். அக்கா மட்டும் நின்றபடியே வருவாள்.

“தள்ளுங்கடா, பஸ்ஸு வருது!”

ஒருநாள் விழுந்து அவள் தொடை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டபோதுகூட அவள் அழவில்லை.

மறுநாள் அப்பா உளியோடு போய், அம்மி கொத்துவதுபோல் சரிவு முழுவதையும் கொத்திச் சொரசொரப்பாக்கினார். அந்தச் சத்தம் வீடுவரை கேட்டது.

“அப்பாவை நிறுத்தச் சொல்லும்மா, பாறை என்ன பண்ணுச்சு?” என்று அக்கா கதறினாள். அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். கால் கூடிய பிறகும் அக்கா ஓடி நான் பார்க்கவில்லை.

“என்னம்மா, போவ வேணாங்கிறியா?” என்றாள் மகள்.

ஆமாம் என்றுதான் வாய்வரை வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சறுக்குக் கட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.