எழுத ஒருவர், காத்திருக்க எல்லோரும்

“பிள்ளை, இது உமக்கு ஏலாது. வெப்சைட் வேலையைப் பாருமன்.”

போன கிழமை வீடியோ அழைப்பில் எங்கள் குழுத் தலைவர் சொன்னார்.

நான் திருத்தித் தருகிறேன் என்று கேட்டது இதுதான். கொழும்பில் இருக்கிற எங்கள் கிளஸ்டர் — ஒன்றாக இணைத்த கணினிகள், அவற்றுக்குள் கணக்குப் போடும் நூற்றுக்கணக்கான கோர்கள் — கிழக்குக் கடலின் அலைகளைக் கணிக்கிறது. கணக்கு மளமளவென்று முடிகிறது. ஆனால் எல்லா விடைகளையும் டிஸ்க்கில் எழுதுவது ஒரேயொரு கோர்! மற்றவை சும்மா நிற்கின்றன. எச்சரிக்கை பிந்தி வரும்போது படகுகள் ஏற்கெனவே கடலில்... அதில் ஒன்று என் அப்பாவுடையது.

“நான் திருத்துறன் சேர்.”

“சரி, வெள்ளி வரைக்கும் பாரும். இல்லையெண்டா பழைய முறைதான்.”

திருகோணமலையில், துறைமுகம் தெரிகிற என் வீட்டு அறையில் தனியாகத் தொடங்கினேன். ஒருவர் எழுதுவதுதானே தாமதம்? எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் எழுதட்டும்!

முன்பைவிட மோசம். டிஸ்க் திணறி, அதே கிளஸ்டரில் குழுவின் மற்றவர்கள் ஓடவிட்டிருந்த வேலைகளும் நின்றுபோயின. குழு அரட்டையில் ஒருவர் கேட்டார்: “ஆர் இது?”

“நான்தான்” என்று எழுதினேன். அதன் பிறகு ஒருவரும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் துணையாக இருந்திருக்கும்.

எங்கள் சல்லிக் கிராமத்துக் கரையில் வலை இழுத்த எல்லோரும் ஆளுக்கொரு மீனைத் தூக்கிக்கொண்டு லொறிக்கு ஓடுவார்களா? கூடைகளில் சேர்ப்பார்கள். சிலர் மட்டும் சுமப்பார்கள். இது தெரிந்து வளர்ந்த நானா அப்படிச் செய்தேன்?

பக்கத்துக் கோர்களின் விடைகளைச் சேர்த்து, ஒரு சில கோர்கள் மட்டும் பெரிய பெரிய துண்டுகளாக எழுதும்படி மாற்றினேன். வியாழன் காலை ஒரு சிறிய சோதனை. ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது!

“அம்மா, சரிவந்திட்டுது!”

குசினியிலிருந்து குரல் வந்தது. “என்னது பிள்ளை?”

“எழுதுறது... எல்லாக் கோரும்...”

“அப்ப இனியாவது வந்து சாப்பிடன்.”

சாப்பிட்டேன். வேறென்ன செய்ய? எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கமாட்டேன். ஆனால் முதலில் போகிறவளுக்கு வழியில் பேச்சுத்துணை கிடையாது. தோல்வியைத் தனியாகத் தாங்கிவிடலாம். வெற்றியைத்தான் தாங்க ஏலாது.

முடிவைத் தலைவருக்கு அனுப்பினேன். “சின்னச் சோதனைதானே, பாப்பம்” என்று பதில் வந்தது.

வெள்ளி வரை எனக்குத் தவணை இருக்கிறது. நாளைய கடலுக்கான முழுக் கணிப்பையும் புதிய முறையில் ஓடவிட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.