மகளின் ஊர்க் காலநிலையும் நான் சொன்ன நேரமும்

என் மகள் குடியிருந்த ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அங்கே இன்றைக்கு வெயிலா பனியா, காற்று பலமா இல்லையா என்று யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அப்போது நான் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் மகனோடும் மருமகளோடும் இருந்தேன். மகள் கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போனாள். போனவள் நம்முடைய சனம் நிறைந்த பெரிய பட்டணத்தில் இருந்திருக்கலாம். மருமகனுக்கு வேலை கிடைத்ததோ நாட்டின் நடுவில், பெரிய சமவெளியில், ஒரு சின்ன ஊரில். படத்தில் பார்த்தேன். மலை இல்லை, மேடு இல்லை, மரம்கூட எண்ணிப் பார்க்கிற அளவுதான். தோசைக்கல்லில் மாவை ஊற்றித் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு தரை. அதற்கு மேல் முழுக்க வானம்.

எனக்கு எழுத்து தெரியாது. இலக்கம் தெரியும், மணிக்கூடு பார்க்கத் தெரியும். இதையும் நான் வாயால் சொல்ல, மருமகள்தான் எழுதுகிறாள். "மாமி, நீங்கள் கதைக்கிற மாதிரியே எழுதினா வாசிக்கிறவைக்குத் தலை சுத்தும்" என்று சொல்லிப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொண்டு போகிறாள். ஆட்கள் பேசியதை மட்டும் பேசினபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன்.

காலையில் அவள் வேலைக்குப் போகுமுன் கம்ப்யூட்டரில் மகளின் ஊர்க் காலநிலையைத் திறந்து வைத்துவிட்டுப் போவாள். ஏழு நாளுக்கு ஏழு பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு படம், ஒரு இலக்கம். படம் பார்க்க எழுத்து எதற்கு? வெள்ளைப் பூ ஒன்று இருந்தால் தூவல், மூன்று இருந்தால் கொட்டல். இலக்கத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருந்தால் பூச்சியத்துக்குக் கீழே. அந்த ஊரில் கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும் கோடு இல்லாத இலக்கத்தை நான் கண்டதே குறைவு. கோடும் இருபத்தெட்டும் என்று ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயந்துபோய்ப் போன் அடித்தேன்.

"அம்மா, இண்டைக்கு நல்ல நாள். வெயில் எறிக்குது" என்றாள் மகள்.

"இருபத்தெட்டில என்னடி வெயில்?"

"வெயில்தான். சூடுதான் இல்லை. இவர் இப்பதான் காரின்ரை வயரைக் கழட்டிப்போட்டு வேலைக்குப் போறார்."

இரவில் காருக்குக் கரண்ட் வயர் குத்தி வைப்பார்களாம். இல்லாவிட்டால் எஞ்சின் உறைந்துவிடுமாம். எனக்கு இது பெரிய புதினம். ஹை ஸ்ட்ரீட்டில் மரக்கறி வாங்கப் போன இடத்திலெல்லாம் சொன்னேன். கத்தரிக்காய் நிறுக்கிற பொடியன், "உங்கடை மகளை ஐஸ்பெட்டிக்குள்ளை குடிவைச்சிருக்கினம் போல அன்ரி" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்கிற காலம் அது. மகள் அப்போது முழுகாமல் இருந்தாள், தலைப்பிள்ளை வயிற்றில். எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஹை ஸ்ட்ரீட்டில் என்னை நிறையப் பேருக்குத் தெரியும். ஏனென்றால் ராகுகாலம், எமகண்டம், மரணயோகம் எல்லாம் எனக்கு மனப்பாடம். கலண்டர் பார்க்க வேண்டியதில்லை. "அன்ரி, வெள்ளிக்கிழமை புது வீட்டில எத்தினை மணிக்குப் பால் காய்ச்ச?" என்று பஸ் நிற்பாட்டில் கேட்பார்கள். சொல்லிவிடுவேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பாங்கில் வேலை செய்கிறவர்கள்கூட வந்து கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். பொய் சொல்லக் கூடாது.

மாசி கடைசி. லண்டனில் மழைத் தூறலும் சாம்பல் வானமும். கடை வாசல்களில் மஞ்சள் பூக்களை வாளியில் வைத்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். மகளின் ஊரிலும் இரண்டு மூன்று நாள் கோட்டுக்குப் பக்கத்தில் சின்ன இலக்கமாக வந்தது. ஐந்து, நாலு. பனி முடியப்போகிறது என்று நினைத்தேன். மகள்தான் சொன்னாள், அங்கே பனிக்காலம் முடிகிற நேரத்தில்தான் பெரிய புயல் வருமென்று. கொஞ்சம் இளகும், பிறகு ஒரே அடியாய் அடிக்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போன் அடித்தாள். பிள்ளை பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனால் இரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரம் காரில் ஓடிப் பெரிய பட்டணத்துக்குப் போகவேண்டும். திங்கட்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு புயல் என்று காலநிலையில் சொல்லியிருந்தார்கள்.

"இவர் காலமை எட்டு மணிக்கு வெளிக்கிடுவம் எண்டு சொல்லுறார், அம்மா."

"எட்டு மணிக்கோ? திங்கட்கிழமை ஏழரை தொடக்கம் ஒன்பது ராகுகாலமெல்லோ!"

"அப்ப ஏழு மணிக்கு?" என்று அவள் திரும்பி அவரைக் கேட்டது எனக்குக் கேட்டது. மருமகன் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். "ஏழு மணிக்கு இருட்டு. ரோட்டில மான் நிக்கும். வெளிச்சம் வராமல் நான் எடுக்கமாட்டன்."

"தலைப்பிள்ளைக்குப் போற பயணம், மோனை" என்றேன். "ஒன்பதரைக்கு வெளிக்கிடுங்கோ. ஒண்டரை மணித்தியாலத்தில என்ன வந்திடப்போகுது? புயல் மத்தியானத்துக்குப் பிறகுதானே?"

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு மகள், "சரி அம்மா, ஒன்பதரை" என்றாள். சின்ன வயதிலிருந்தே என் சொல்லைத் தட்டாத பிள்ளை அவள். அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் அங்கே ஒன்பது நாற்பதுக்கு வெளிக்கிடுகிறோம் என்று போன் வந்தது. எங்களுக்கு அப்போது பின்னேரம் மூன்று நாற்பது. ஆறு மணி நேர வித்தியாசம். நான் சாமிப்படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்தேன். இரண்டு மணி நேரம். ஐந்து நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

ஐந்து நாற்பது ஆனது. ஆறு ஆனது. போன் வரவில்லை. மருமகள் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுமுன் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னேன். வழமையான படத்துக்கு மேலே சிவப்பில் ஒரு பட்டை ஓடியது.

"இது என்ன பிள்ளை, சிவப்பு?"

அவள் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "புயல் நினைச்சதை விட வெள்ளனத் தொடங்கிட்டுதாம், மாமி. அங்கத்தைய நேரம் பதினொரு மணியிலயிருந்து. ரோட்டைப் பூட்டப்போகினமாம்."

பதினொரு மணி. அவர்கள் நடுவழியில் இருந்திருப்பார்கள். எட்டு மணிக்கு வெளிக்கிட்டிருந்தால் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில். எனக்கு இந்தக் கணக்கு வந்ததும் கதிரையில் இருக்க முடியவில்லை. மருமகனுடைய கைபோனுக்கு அடித்தோம். அந்த வெளிகளில் சிக்னல் கிடையாதாம், ஒரு பொம்பிளை இங்கிலீசில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். மகன் வந்ததும் அவனும் அடித்தான். அதே பொம்பிளை.

"அம்மா, ஏன் நிக்கிறியள்? இருங்கோ."

"நான் சொன்னதாலதானேடா."

"ஆர் சொன்னாலும் புயல் வாற நேரம் வரும்."

"புயல் வரும். அவை அதுக்குள்ளை இருந்திருக்கமாட்டினம்."

அவன் திரும்பவும் போனை எடுத்து இலக்கத்தை அழுத்தினான். அந்த நேரத்தில் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நல்ல நேரத்தில் பயணப் பை ஒன்றை வீட்டுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஏழு மணிக்கு ஒரு பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியிடம் வை, எட்டு மணிக்கு எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்குச் சொன்ன வழி. என் பிள்ளைக்குச் சொல்ல வாயில் வரவில்லை.

ரசம் அடுப்பிலேயே ஆறியது. யாரும் சாப்பிடவில்லை. எட்டு மணிபோல போன் அடித்தது. மகன் எடுத்து, கேட்டு, என்னிடம் தந்தான்.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. ஒரு மண்டபத்தில இருக்கிறம். ஐஸில சறுக்கி விளையாடுற மண்டபம். ரோட்டு பூட்டிட்டினம். இஞ்சை இருபது பேர் மட்டில நிக்கினம்."

"காருக்கு என்ன?"

"பள்ளத்துக்குள்ளை இறங்கிட்டுது. ஸ்னோ தள்ளுற வாகனக்காரன் கண்டு கூட்டிக்கொண்டு வந்தவன். ஒண்டும் தெரியேல்லை அம்மா. கண்ணாடிக்கு முன்னாலை வெள்ளைச் சீலை பிடிச்ச மாதிரி."

"வயிறு வலிக்குதோ?"

"இடுப்பு கொஞ்சம் நோகுது. இஞ்சை ஒரு கிழவி சூப் தந்தவ."

பிறகு மருமகன் போனை வாங்கினார். அவர் ஒருநாளும் என்னோடு குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"மாமி, எட்டு மணிக்கு வெளிக்கிட்டிருந்தா இவ்வளவுக்கு ஆஸ்பத்திரியில கட்டில்ல படுத்திருப்பா."

"ஓம் தம்பி" என்றேன். அவர் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றிரவு மகள் அந்த மண்டபத்தில் மடக்குக் கட்டிலில் படுத்தாள். விடிந்ததும் பனி தள்ளுகிற வாகனம் முன்னால் போக, பின்னால் அம்புலன்சில் அவளைக் கொண்டுபோனார்கள். புதன்கிழமை பிள்ளை பிறந்தது. பெண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. நான் ஈஸ்ட் ஹாமில் கண்ட ஆளுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தேன். ஆனால் பிள்ளை பிறந்த செய்தியை மருமகன் என் மகனுக்குத்தான் அடித்துச் சொன்னார். என்னைக் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பிள்ளையின் நட்சத்திரம் கேட்க மருமகள் இங்கத்தைய கோயில் ஐயருக்குப் போன் போட்டாள். பிறந்த நேரம், ஊர் எல்லாம் சொன்னாள். அங்கே சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கிறது என்று ஐயர் கேட்டார். கம்ப்யூட்டரில் பார்த்து, ஏழு நாற்பது என்றாள். எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. போனை வாங்கினேன்.

"ஐயா, சூரியன் உதிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன?"

"எல்லாம் உதயத்திலயிருந்துதானே அம்மா கணக்கு. ராகுகாலமும் அப்பிடித்தான். ஆறு மணிக்கு உதிக்கிற எங்கடை ஊருக்குத்தான் ஏழரை, ஒன்பது எல்லாம். இஞ்சத்தைய பனிக்காலத்துக்கு அது சரிவராது."

"அப்ப போன திங்கட்கிழமை அங்கை எப்ப ராகுகாலம்?"

அவர் வாய்க்குள் கணக்குப் போட்டார். "ஒன்பது தொடக்கம் பத்து இருபது மட்டில."

நான் போனை வைத்துவிட்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை. மருமகன் சொன்ன எட்டு மணி நல்ல நேரம். ஒன்பது நாற்பதுக்கு நான்தான் பிள்ளையை ராகுகாலத்துக்குள் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். காலநிலைப்படியும் பிழை, என் கணக்குப்படியும் பிழை. இவ்வளவு காலமும் இந்த லண்டனில் எத்தனை பேருக்கு நேரம் சொன்னேன்! வீடு குடிபுகுதல், பிள்ளைக்கு முதல் சோறு தீற்றுதல், கடை திறத்தல். ஒருவராவது வந்து பிழையாகிவிட்டது என்று சொன்னதில்லை. அதை நினைத்து ஆறுதல் படுவதா, இன்னும் பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கிழமை ஹை ஸ்ட்ரீட் பக்கம் போகவில்லை. மருமகள்தான் மரக்கறி வாங்கினாள்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குத் திரும்புகிற நாள். பள்ளத்துக்குள் இறங்கிய காரையும் இழுத்தெடுத்துக் கொடுத்திருந்தார்கள். நானே போன் அடித்தேன். மருமகன் எடுத்தார்.

"தம்பி, நான் அண்டைக்குச் சொன்ன நேரம் பிழை. ஐயரிட்டைக் கேட்டனான். நீங்கள் சொன்ன எட்டு மணிதான் சரி."

"நான் நேரம் பாக்கேல்லை மாமி. ஸ்னோ எப்ப வருதெண்டுதான் பாத்தனான்" என்றார்.

"தெரியும் தம்பி. பிள்ளையை நினைச்சுத்தான் சொன்னனான். ஆனாப் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"இண்டைக்குப் பத்தரைக்கு வெளிக்கிடப்போறம்" என்றார். "ஏதும் சொல்லப்போறியளோ?"

குத்தித்தான் கேட்டார். எனக்கு விளங்கியது. ஐயர் சொன்ன மாதிரி உதயத்திலிருந்து விரல் மடித்து எண்ணி வைத்திருந்தேன். சனிக்கிழமை அங்கே பத்து இருபதுக்குப் பிறகுதான் ராகுகாலம். பத்தரை அதற்குள் வருகிறது. நாக்கு நுனியில் நின்றது.

"வானம் எப்பிடி?" என்று கேட்டேன்.

"வெளிச்சு இருக்கு. பின்னேரம் வரைக்கும் காத்தில்லை எண்டுதான் போட்டிருக்கினம்."

"அப்ப வெளிக்கிடுங்கோ. பிள்ளையின்ரை காதைப் பொத்திக் கட்டுங்கோ."

அவர்கள் வெளிக்கிட்டார்கள். நான் மணிக்கூட்டுக்கு முன்னால் இருந்தேன். மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், அதைக் குடித்தேனா என்றுகூடத் தெரியாது. இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு இன்னும் கால் மணி. அந்தக் கால் மணியில் நான் என்ன நினைத்தேன் என்று மகளுக்குக்கூடச் சொன்னதில்லை. போன் அடித்தது. மருமகன்தான்.

"மாமி, வந்திட்டம். வழியில பிள்ளைக்குப் பால் குடுக்க நிண்டனாங்கள்."

பின்னால் பிள்ளை வீரிட்டு அழுதது. அதை அவர் போனைத் திருப்பிப் பிடித்துக் கேட்கவைத்தார்.