பணியாரத்துக்கு உண்ணி வந்த மழைக்காலம்

கவிதா, சதீஷ், நீங்கள் இரண்டு பேரும் மதுராந்தகத்தில் பெரியம்மா வீட்டில் இருந்த அந்த மழைக்காலத்தில் இங்கே என்ன நடந்தது என்று பலமுறை கேட்டுவிட்டீர்கள். பாம்புக்கு உடம்பு சரியில்லை, பிறகு சரியாகிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். இப்போது எழுதித் தருகிறேன். பாம்பு வளர்க்கிற வேறு வீட்டுப் பிள்ளைகள் படித்தாலும் நல்லதுதான். அவர்கள் வீட்டுக்கும் இது வரலாம்.

உங்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறையில் எனக்கு வேலை. செதுக்குகிற வேலை இல்லை. செதுக்கி முடித்த சிலையை வைக்கோல் வைத்து, மரப்பெட்டியில் கட்டி, உடையாமல் அனுப்புகிற வேலை. அங்கே சிலை வாங்க வருகிற ஐ.டி. ஆபீஸ்காரர் ஒருவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும்போது தன் பாம்பை நம்மிடம் கொடுத்தார். ஆப்பிரிக்க இனம், விஷம் கிடையாது, பயந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். (நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கச் சட்டம் விடாது.) சதீஷ் பார்த்த உடனே "பணியாரம்" என்றான். அதுவே பெயராகிவிட்டது. பட்டறையில் மிஞ்சிய பலகையில் நான் பெட்டி செய்தேன். நீங்கள் அதன் மேல் நீலப் பெயிண்டில் கடலும் ஒரு மீனும் வரைந்து உங்கள் பெயர்களை எழுதினீர்கள்.

முதல் அறிகுறி தண்ணீர்தான். பணியாரம் குடிப்பதற்கு வைத்திருந்த சட்டியில் போய் நாள் முழுக்கப் படுத்துக்கிடந்தது. வெயில் காலமென்றால் சூடு தாங்கவில்லை என்று விட்டிருப்பேன். அது ஐப்பசி மழை. குளிரில் எதற்குத் தண்ணீரில் கிடக்கிறது என்று யோசித்தேன். பிறகு செதிலில் சாம்பல் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. எலி வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது.

அதே சமயம் கவிதாவின் இடுப்பிலும் என் முழங்கையிலும் சிவப்புத் தடிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சிரங்கு (தோலைத் துளைக்கும் நுண்ணிய பூச்சியால் வரும் அரிப்பு) என்று சொல்லித் தடவ மருந்து தந்தார்கள். தடவினோம். துணியெல்லாம் வெந்நீரில் போட்டோம். அரிப்பு நிற்கவில்லை. ஒரு நாள் உங்கள் அம்மா பாம்புப் பெட்டியைத் துடைத்துவிட்டுக் கையை வெளிச்சத்தில் காட்டினாள். உள்ளங்கையில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஊர்ல எல்லாரும் புள்ளைங்க தலையில பேன் பாக்குறாங்க. நாம பாம்புக்குப் பேன் பாத்துகினு கீறோம்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இது போற வரைக்கும் புள்ளைங்க இங்க இருக்க வாணாம்யா" என்றாள். மறுநாள் உங்களை அழைத்துக்கொண்டு மதுராந்தகம் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் செய்தது சரிதான். ஆனால் அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்து, பூட்டை நானே திறந்து உள்ளே போனபோது வீடு இவ்வளவு பெரியதா என்று இருந்தது.

பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒருவர் கரப்பான் மருந்தை அடிக்கச் சொன்னார், இன்னொருவர் மண்ணெண்ணெய். நான் செய்யவில்லை. பூச்சியைக் கொல்லுவது பாம்பையும் கொல்லும் என்று ஒரு பயம். பணியாரத்தைத் தலையணை உறையில் கட்டிக் கூடையில் வைத்துச் செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "இன்னா அண்ணாத்த, கோழியா?" என்றார். பாம்பு என்றேன். பெஞ்சு முழுக்க எனக்கே கிடைத்தது.

டாக்டரம்மா சின்ன வயது. பாம்பு வைத்தியம் அதிகம் பார்த்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, சென்னையில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு பிறகுதான் தொட்டார். பூதக்கண்ணாடியை என்னிடமே கொடுத்துக் கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியில் மடிப்பிலும் பார்க்கச் சொன்னார். செதிலுக்கும் செதிலுக்கும் நடுவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உண்ணி (ரத்தம் குடிக்கும் எட்டுக்கால் பூச்சி) என்றார். தண்ணீரில் கிடந்தது அதை மூழ்கடிக்கத்தானாம். வெள்ளைப் புள்ளி அதன் கழிவு. நமக்கு வந்த தடிப்பும் சிரங்கு இல்லை, இதன் கடிதான். ரத்தம் குறைந்து பாம்பு சோர்ந்துவிட்டது, இப்படியே விட்டால் பிழைக்காது என்றார்.

"வேற பாம்பு எதுனா தொட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மழை தொடங்கின சமயம் பட்டறை வைக்கோலுக்குள் ஒரு சாரை புகுந்துவிட்டது. எல்லோரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள், வீட்டில் பாம்பு வைத்திருப்பவன் என்று. சாக்கில் பிடித்துச் சவுக்குத் தோப்பில் விட்டேன். நல்ல சாக்கு, எதற்கு வீணாக்குவது என்று உதறி எடுத்துவந்து, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று பணியாரத்தின் பெட்டியில் விரித்தேன். சாரையிடம் இருந்தது சாக்கு வழியாக வந்திருக்கிறது.

டாக்டரம்மா பாம்பை எடை போட்டு, அதற்குத் தகுந்தபடி மருந்தைக் கலந்து தந்தார். மாட்டு உண்ணிக்குப் போடுகிற மருந்தைச் சொந்தமாக அளந்து போட்டுவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். அதை நானும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்து வரை ஊறவைத்தேன். தலை மூழ்காமல் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் மேல் உண்ணி மிளகுத்தூள்போல மிதக்கும். பணியாரம் என் மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும். பிடி நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டிருந்தது. வீட்டில் பேச ஆள் இல்லாததால் அதனிடம் பேசினேன். பாம்புக்குக் காது கேட்காது என்று கவிதா சொல்வாள். அதனால் என்ன.

உண்ணி குறைந்தது. பிறகு திரும்ப வந்தது. மறுபடி செங்கல்பட்டுக்குப் போனேன்.

"பெட்டிய மாத்திட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"வெந்நீர் ஊத்திக் கழுவினேம்மா."

"பாம்பு மேல இருக்கறது கொஞ்சம்தாங்க. முட்டையெல்லாம் பெட்டியில. மரத்துல எந்த இடுக்குன்னு கழுவுவீங்க?"

அதுவரை நான் செய்தது இதுதான். பெட்டிக்குள் கிடந்த வைக்கோலை எரித்தேன், சாக்கை எரித்தேன், பெட்டியை மட்டும் ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவைத்து, பாம்பை அதிலேயே விட்டேன். வீட்டில் உங்கள் கையெழுத்து இருந்த பொருள் அது ஒன்றுதான்.

அன்றைக்கே பெட்டியைப் பட்டறைக்குப் பின்னால் கொண்டுபோனேன். மேல்பலகையை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று திருப்பிப் பார்த்தேன். அதிலும் ஆணித்துளைகள். என் கையால் அடித்த ஆணிகள். மழை ஈரத்தில் பற்றவே நேரமாயிற்று. நீலப் பெயிண்ட் முதலில் கொப்பளித்தது, மீன் கடைசியாகப் போனது.

அதற்குப் பிறகு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் காற்றுக்குத் துளை, அடியில் வெறும் செய்தித்தாள். தினமும் தாளை மாற்றி, டப்பாவைக் கழுவித் துடைத்தேன். நாள், கிழமை எல்லாம் மறந்துவிட்டது. மருந்து போட்டது எப்போது, தப்பிய முட்டை பொரிக்கப்போவது எப்போது, இதுதான் எனக்குக் காலண்டர். இன்றும் வெளியிலிருந்து எது வந்தாலும், சாக்கோ கட்டையோ, வெயிலில் காயாமல் வீட்டுக்குள் வராது. வேறு பாம்பு இருக்கிற இடத்துக்குப் போய்வந்தால் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் பணியாரத்தைத் தொடுவேன். புதுப் பாம்பு வாங்குகிறவர்கள் சில வாரமாவது அதைத் தனியாக வேறு அறையில் வையுங்கள்.

தை பிறந்த பிறகு பணியாரம் எலியை எடுத்தது. பிறகு சட்டை உரித்தது. உரித்த சட்டையை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கண்களின் மேலிருக்கும் கண்ணாடிபோன்ற மூடிகளும் முழுசாகக் கழன்று வந்திருந்தன. ஒரு கறுப்புப் புள்ளி இல்லை.

பட்டறை போனிலிருந்து உங்கள் அம்மாவைக் கூப்பிட்டு, உண்ணி போய்விட்டது என்றேன்.

"பாம்பு மேல போச்சு. வூட்ல போச்சா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை. அரிப்பு நின்று பல வாரமாகியும் என் உடம்பை நான் நம்பவில்லை. கையில் ஒரு முடி அசைந்தால்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். இப்போதும் அப்படித்தான்.

அடுத்த விடுமுறை நாளில் வீட்டைக் கழுவிக் காயவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் படுக்கிற இடத்தில் உங்கள் பாயை விரித்து, அதன் மேல் துவைத்த வெள்ளை வேட்டியைப் போட்டேன். சட்டையைக் கழற்றிவிட்டு அதில் படுத்தேன். முதலில் கவிதா பக்கம், பிறகு சதீஷ் பக்கம். உச்சிப்பொழுதிலிருந்து வெளிச்சம் இருக்கிறவரை சொறியாமல், புரளாமல், ஏதாவது கடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு கிடந்தேன்.

எதுவும் கடிக்கவில்லை. எழுந்து வேட்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஓரம் ஓரமாகப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. உங்களுக்காகப் பாயை மட்டும் சுருட்டாமல் விட்டுவைத்தேன்.