செலவாகாத காற்று

கடலுக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கும் ஸ்கூபாவில் முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான். என் காற்று தீர்ந்தால் தன் காற்றைக் கொடுக்கிற தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அந்தமானில் ஒரு சின்னத் தீவில், வருகிறவர்களுக்கெல்லாம் இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சாயங்காலம் அவர்களைப் படகேற்றி அனுப்பிவிட்டு, தகரக் கூரைக் கடைக்குள் வந்து ஒற்றைத் தட்டில் சோறு போட்டுக்கொள்வேன்.

அந்தப் படகுத்துறையில் முதலில் டைவிங் கடை போட்டவள் நான். அரியலூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் ஜில்லாவில் கடலே கிடையாது. கடையில் கூட நின்று முங்கிய தோழி போன சீசன் முடிவில் கல்யாணமாகி கோவா போய்விட்டாள். சுற்றுலா வருகிறவர்களுக்கு நான் துணை, ஆனால் அவர்கள் எனக்குத் துணையாக மாட்டார்கள். இன்னொரு ஆள் இல்லாமல் யாரையும் ஆழத்துக்கு இறக்க முடியாது. மழைக்காலம் முடிந்து கடை திறப்பதற்குள் ஒருவர் வேண்டும். எனக்குத் தோன்றிய ஒரே ஆள் என் அண்ணன்.

சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்றில் மோட்டார் விழுந்தாலும் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். கயிற்று நுனியைக் கடித்துக்கொண்டு முங்குவான். மேலே நிற்கிறவர்கள் குனிந்து எட்டிப் பார்க்கத் தொடங்கும்போது, மோட்டாரில் முடிச்சைப் போட்டுவிட்டு வருவான். சின்ன வயதில் இருவரும் முங்கிப் போட்டி போடுவோம். என் மூச்சு சின்னது. நான் முதலில் மேலே வந்துவிட்டு, அவன் வருகிற வரை தண்ணீரைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்திருப்பேன்.

போனில் கேட்டதும் அவன் யோசிக்கவே இல்லை. "நெலத்த குத்தகைக்கு வுட்டுட்டு வரேன் புள்ள. எனக்கென்ன, தண்ணி எங்கயும் தண்ணிதானே?"

கப்பலுக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். புதுச்சேரியில் தெரிந்த கடையில் சிலிண்டர்களை இரவல் வாங்கி வாடகைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தேன். எங்கள் கிணற்றடியில் கூட்டம் கூடிவிட்டது.

"என்னா பாப்பா, கெணத்துத் தண்ணிய வெந்நி வைக்கப் போறியா?" என்றார் பக்கத்துக் கொல்லைச் சித்தப்பா.

"கேஸ் இல்லங்க சித்தப்பா, காத்து."

"காத்தா! அது இங்க சும்மாதானே கெடக்குது, அதுக்கா காரு வச்ச?"

அண்ணனைப் படியில் உட்காரவைத்தேன். "அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான். மூச்ச அடக்கவே கூடாது. இழுத்து, விட்டுக்கிட்டே இருக்கணும். அடக்கிக்கிட்டு மேல வந்தா உள்ள இருக்குற காத்து விரிஞ்சு நுரையீரலயே கிழிச்சுடும்."

"சரி சரி, டீச்சரம்மா."

படியில் நின்று தலையை மட்டும் முக்கியபோது சரியாகத்தான் மூச்சு விட்டான். ஓர் ஆள் ஆழத்துக்கு இறங்கினோம். பச்சைத் தண்ணீர். சுண்ணாம்புப் பாறைச் சுவரில் கல்லாகிப் பதிந்த பழங்காலக் கிளிஞ்சல்கள், எங்கள் பக்கத்துக் கிணறுகளில் இருப்பவைதான். என் குமிழிகள் மேலே போய்க்கொண்டிருந்தன. அவனிடமிருந்து ஒன்றுகூட வரவில்லை. கண்கள் அமைதியாக, சந்தோஷமாக இருந்தன. மேலே கிளம்பிவிடப் போகிறான் என்று தோள்பட்டை வாரைப் பிடித்துக்கொண்டேன். வாயிலிருந்து கையை வெளியே நீட்டி, ஊது, ஊது என்று காட்டினேன். பிறகுதான் ஒரு பெரிய குமிழிக் கொத்து வந்தது. மெதுவாக ஊதவைத்தே மேலே கூட்டிவந்தேன்.

வெளியே வந்ததும் காற்று மீட்டரைத் தூக்கிக் காட்டினான். "பாத்தியா, முள்ளு அசையல! நீ கொண்டாந்த காத்து அப்படியே இருக்கு!"

கிணற்று மேட்டில் கை தட்டினார்கள்.

வெயில் இறங்கும் வரை திரும்பத் திரும்ப முங்கினோம். ஒவ்வொரு முறையும் நான் ஊதக் காட்டினால் ஊதினான். நான் கையை எடுத்ததும் குமிழி நின்றது. கடைசியில் அவனே சிலிண்டரைக் கழற்றிப் படியில் வைத்தான்.

"பயம் இல்ல புள்ள. தண்ணி தலைக்கு மேல போனா மூச்சு தானா பூட்டிக்குது."

"பழகப் பழக வந்துடும்ண்ணே."

"வரும். அடியில எவனாவது பதறுனான்னா? அவன எட்டிப் புடிக்கிற அவசரத்துல எனக்கு ஒம் பாடமா ஞாபகம் வரும்?"

வராது. அது எனக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப சும்மா வா. கடையப் பாத்துக்க. படகுல நில்லு."

"ஒங்கூட உள்ள வரத்தானே கூப்ட்ட? நீ உள்ள கெடக்கையில மேல ஒக்காந்து தண்ணியவே பாத்துக்கிட்டிருக்க என்னால ஆகாதுடி."

அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

புதுச்சேரியில் சிலிண்டர்களைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் ஒன்றின் மீட்டரைப் பார்த்துவிட்டு, "இத யாரும் மாட்டவே இல்லையா?" என்றார்.

"எங்க அண்ணன் மாட்டுனாரு. நாள் பூரா முங்குனாரு."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், மீட்டரை ஒரு தரம் பார்த்தார். கொஞ்சம் ஏற்றினால் போதும், நாளைக்கு வருகிறவருக்கு ஆகும் என்று சொல்லி ஓரமாக உருட்டி வைத்தார். நான் வாசலில் நின்று ஒரு டிக்கெட்டை ரத்து செய்தேன். தீவுக்குப் போனதும், கடைப் பலகையில் ஆழத்துக்கு அழைத்துப்போவதாக எழுதியிருக்கும் வரியின் மேல் வெள்ளை அடிக்க வேண்டும்.