உறை போட்ட நான்கு தலைகள்

நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த வெக்ஸ்போர்ட்டில் எங்களுக்கு பேஸ்மென்ட்டை வாடகைக்குத் தந்த கிரேக்கக் கிழவரை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் துருவித் துருவிக் கேட்கும் எதையும் அவர் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உனக்குச் சகோதரர்கள் உண்டா?"

இல்லை என்றேன். பொய். தம்பி இயக்கத்தில் இருந்தான். அது வெளியே தெரிந்தால், இழுபட்டுக்கொண்டிருந்த என் அகதி வழக்கு அதோடு சரி. தொண்ணூறுகளில் நாங்கள் எங்கள் நிழலையே இரண்டு தரம் திரும்பிப் பார்ப்போம்.

கிழவர் டான்ஃபோர்த் தெருப் பக்கத்துக் கிரேக்க உணவகங்களுக்கு பிளாஸ்டர் தலைகள் வார்த்துக் கொடுத்தவர். விலைபோகாமல் மிஞ்சிய நான்கு, எங்கள் அடுப்புக்கு எதிரே சுவர்த்தட்டில் இருந்தன. கண் தெரியாத கவி. துன்பியல் நாடகம் எழுதியவர். முக்கோணங்களோடு மாரடித்தவர். கடைசியில், ஊரில் எல்லாரையும் கேள்வி கேட்டே நஞ்சு குடிக்க நேர்ந்த சப்பை மூக்கு ஞானி. கவி மட்டும்தான் குருடர் என்றார் கிழவர். பார்த்தால் நால்வருக்குமே கருவிழி இல்லை. சனிக்கிழமைகளில் துணியோடு இறங்கி வந்து அவற்றைத் துடைப்பார். துடைத்தபடியே, "ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்பார். கேள்வி கேட்கும் வியாதி அந்த மூக்குக்காரரிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும்.

"உவர் ஆருக்கோ தகவல் குடுக்கிறார்," என்றேன் மனைவியிடம்.

"உங்களுக்கு விசர். தனிச்ச மனுசன், கதைக்க ஆளில்லை."

ஒருநாள் அவர் போனதும் ஞானியைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே ரேப் ரெக்கோடர் இருக்கிறதா என்று பார்த்தேன். வெறும் கோது. கெட்டிக்காரன் வேறெங்கோ வைத்திருப்பான் என்றுதான் தோன்றியது.

பிறகு ஒரு மாலை மனைவி தூளுக்கு மிளகாய் வறுத்தாள். தலைகளில் புகை படிந்தால் கிழவர் கத்துவார் என்று நான்குக்கும் தலையணை உறைகளைக் கவிழ்த்துவிட்டிருந்தாள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். புகைக்குள் முகம் மூடிய நான்கு பேர் வரிசையாக நின்றார்கள்.

ஊரில் இராணுவம் சுற்றிவளைத்தால் இப்படித்தான் ஒருவனைச் சாக்கால் மூடிக் கொண்டுவந்து வைப்பார்கள். தலையாட்டி என்போம். அவன் தலை அசைந்தால் முன்னால் நிற்பவன் கதை முடிந்தது. என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் வேலையிடத்து அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. ஆட்டிப்போடாதே என்று மனதுக்குள் மன்றாடினேன்.

நெடிக்கு இருமிக்கொண்டு இறங்கிவந்த கிழவர் தலைகளைப் பார்த்தார். என் அட்டையைப் பார்த்தார். உறைகளை ஒவ்வொன்றாக உருவி எறிந்தார். வீடு போச்சு என்று நினைத்தேன்.

"ஜெர்மன்காரர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்தபோது நான் சின்னப் பையன்," என்றார். "சாக்குக்குள் நின்றவன் அப்பாவைக் காட்டிக்கொடுத்தான். அவன் போட்டிருந்த சப்பாத்தை எனக்குத் தெரியும். என் அண்ணன்."

இம்முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மனைவி தாச்சியை இறக்கிவைத்தாள்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்," என்றேன்.