குழாயைப் பொத்தினால் வீட்டில் பங்கு வருமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் சமையலறைக் குழாய் படாரென்று கழன்று விழுந்தது. தண்ணீர் சீறிக்கொண்டு மேலே போகிறது. ராஜன் ஓடிவந்து இரண்டு கைகளாலும் ஓட்டையைப் பொத்திக்கொண்டார். சட்டை, மீசை, கண்ணாடி எல்லாம் சொட்டச் சொட்ட... அந்த நிலையிலும் என்ன கத்தினார் தெரியுமா?

“கமலா! நான் ரிப்பேர் பண்ணல லா! சும்மா பிடிச்சிக்கிட்டுதான் இருக்கேன்!”

சிரிக்காதீர்கள். அவரை அப்படிக் கத்த வைத்த புண்ணியவதி நான்தான்.

ராஜன் பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். மனைவியை இழந்தவர். நான் விவாகரத்து வாங்கியவள். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒருவருக்கொருவர் பிடித்துப்போனது. மறுபடியும் மண்டபம், மாலை, ஊருக்கெல்லாம் சாப்பாடு என்று இறங்க இருவருக்குமே தெம்பில்லை. தீபாவளி முடிந்த கையோடு ஒரு சூட்கேஸ், ஒரு டூல் பாக்ஸ் சகிதம் டத்தோ கிராமாட்டில் இருக்கும் என் பிளாட்டுக்கு வந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் ஒரு வாரம் பேசினார்கள். பிறகு அவர்களுக்கும் வேலை இருந்தது.

ஊர்வாய்க்கு நான் பயப்படவில்லை. என் பயமெல்லாம் வீட்டைப் பற்றித்தான்.

முதல் கல்யாணத்தில் நான் சம்பளம் முழுவதையும் கொட்டி லோன் கட்டிய வீடு அந்தக் கணவர் பெயரில் இருந்தது. கோர்ட்டுக்கு அலைய மனசில்லாமல் இரண்டு பெட்டியோடு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு, ஒவ்வொரு மாதமும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது இந்த பிளாட். இதுவும் கையை விட்டுப் போனால்?

அதனால் ராஜன் வருவதற்கு முன்பே என் பள்ளித்தோழி சுமதிக்கு போன் போட்டேன். அவள் லோயர்.

“கல்யாணம் பண்ணாட்டியும் பிரச்சனை வரலாம்டி,” என்றாள். “லோனுக்கோ ரினோவேஷனுக்கோ அவரு காசு போட்டா, நாளைக்கு எனக்கும் பங்கு இருக்குன்னு கேஸ் போட இடம் இருக்கு. பேசாம ரெண்டு பேரும் உக்காந்து ஒரு அக்ரீமென்ட் எழுதிக்குங்க.”

இதில் முதல் பாதியை மட்டும் நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது பாதி? ஆசையாக வீட்டுக்கு வருகிற மனிதரிடம், ‘உள்ளே வாங்க, இங்கே ஒரு கையெழுத்து’ என்று நீட்ட முடியுமா? எனக்குக் கூச்சமாக இருந்தது.

எனவே எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். ராஜன் மீன் வாங்கலாம். மீன் கழுவும் சிங்க்கைத் தொடக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. பல்பு மாட்டக் கூடாது. நாள் முழுக்க மெஷின்களை ஓட வைக்கிற மனிதர், வீட்டில் சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு நிமிஷ வேலை கமலா.”

“கையை எடுங்க!”

பிளம்பரை வரச் சொன்னேன். அவர் ராஜனின் டூல் பாக்ஸைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இவ்ளோ சாமான் வச்சிக்கிட்டு என்னைய ஏன் கூப்பிட்டீங்க?” என்று கேட்டார். “நான் இங்க கெஸ்ட்டு தம்பி,” என்றார் ராஜன். பிளம்பர் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது... நாளைக்கு வருகிறேன் என்று போனவர்தான், ஆளையே காணோம்.

அப்புறம் ஒரு நாள், எப்போதும் கிறீச்சிடும் பாத்ரூம் கதவு சத்தமே போடவில்லை. எனக்குச் சுரீரென்றது. மற்ற பெண்கள் சட்டைக் காலரில் லிப்ஸ்டிக் தேடுவார்கள். நான் ராஜனின் விரல்களைப் பிடித்து கிரீஸ் வாசனை வருகிறதா என்று முகர்ந்தேன். வந்தது!

“சத்தியமா ஒரு தடவைதான்,” என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அவர் பொத்திக்கொண்டு நிற்கிறார். கணுக்கால் வரை தண்ணீர். நான் என்ன செய்தேன்? சுமதிக்கு போன் போட்டேன்.

“கையால அடைச்சா பங்கு வருமாடி?”

“அலாமா! முதல்ல வெளிய போய் மெயின் வால்வை மூடு! அவரை விட்டு ரிப்பேர் பண்ணச் சொல்லு! நான் சொன்னது வீட்டையே இடிச்சிக் கட்டுற மாதிரி வேலையை. குழாய்க்கெல்லாம் யாருடி பங்கு தருவா?”

ஓடிப்போய் வால்வை மூடினேன். ராஜன் ரிப்பேர் செய்தார். சொன்னபடி இரண்டு நிமிஷம்தான். முடித்ததும் அவரிடம் அந்த அக்ரீமென்ட் விஷயத்தைச் சொன்னேன். முகத்தைத் துடைத்தபடி, “கேட்டிருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேனே,” என்றார். ஒரு கையெழுத்துக் கேட்டால் மனசு புண்படுமே என்று தயங்கியவள், மாதக்கணக்கில் அந்த மனிதரின் கையைக் கட்டிப்போட்டு, விரலை முகர்ந்தும் பார்த்திருக்கிறேன். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாளே சுமதியின் ஆபீஸுக்குப் போனோம். பிளாட் கமலாவுடையது, ராஜனுக்கு அதில் பங்கு கிடையாது என்று வாசித்துக் காட்டினாள். ராஜன் மலர்ந்த முகத்தோடு தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனிதர்!

“அண்ணே, உங்க பேர்ல ஏதும் இருக்கா?” என்று கேட்டாள் சுமதி.

“தாசேக் கெலுகோர்ல கொஞ்சம் செம்பனைத் தோட்டம் இருக்கு,” என்றார் ராஜன். “அதுல கமலாவுக்குப் பங்கு கிடையாதுன்னு சேத்துக்குங்க.”

எனக்குச் சுருக்கென்றது.

“ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?” வாய் என்னை மீறிக் கேட்டுவிட்டது. சுமதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். ராஜன் மட்டும் சிரிக்கவில்லை, பாவம். நான் உண்மையாகவே கோபமாக இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டேன். வேறு வழி? அவர் காடி ஓட்ட, நான் வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் வீட்டை அவரிடமிருந்து காப்பாற்ற நான் அத்தனை மாதம் படாத பாடு பட்டேன். அவருடைய தோட்டத்தை என்னிடமிருந்து அவர் ஒரே வாக்கியத்தில் காப்பாற்றிவிட்டார்!